தடைக்கால மெனு

ஓட்டல் மேலாண்மை வகுப்பறை இன்று உணவகமாகியிருக்கிறது. காலித் தட்டுகளில் ஜன்னல் வெயில் வழுக்குகிறது. ஆங்கிலத் தேர்வு. வாடிக்கையாளராக உட்கார்ந்திருக்கும் தேர்வாளர், மெனு அட்டையில் வஞ்சிரத்தைத் தொட்டு, "இஸ் இட் ஃப்ரெஷ்?" என்கிறார். "யெஸ் சார்" என்று சொன்னால் முழு மதிப்பெண். பரிமாற நிற்கும் துர்காவுக்கு அது வாயில் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம், வீராம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகும் அவள் அப்பாவின் விசைப்படகு ஒரு மாதமாகத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. "நோ சார். ஃபிஷிங் பேன். ஒன்லி ஐஸ் ஃபிஷ். எக் கறி வெரி குட்." பின்வரிசையில் சிரிப்பு வெடிக்கிறது. அவள் முன்கையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு மட்டும் அசையவில்லை. தேர்வாளர் ஆங்கிலத்தை மறந்து, "தடை எப்பம்மா முடியுது?" என்கிறார். துர்கா புன்னகையோடு குனிகிறாள்: "ஜூன் ஃபிஃப்டீன், சார். ப்ளீஸ் கம் அகெய்ன்!"