கூலிங் அண்ணனின் பெயர்

"யோவ், உன் கம்ப்ரசரைக் கொண்டுபோய்க் குப்பையில போடுய்யா!"

காரின் சொந்தக்காரன் பட்டறையின் நடுவில் நின்று கத்தினான். காத்திருந்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தியது போதாதென்று, பெருக்கி வைத்த தரையில் காறித் துப்பினான்.

மெக்கானிக்குக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழுக்கு அவருக்குப் புதிதல்ல. கருகிய எண்ணெயிலேயே காலந்தள்ளியவர். ஆனால் இந்த ஆள் வாயைத் திறந்தாலே சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது.

கார் ஏ.சி. வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். 'கூலிங் அண்ணன்' என்றால்தான் தெருவுக்குத் தெரியும். அந்தப் பெயரால்தான் அடுப்பு எரிகிறது. ஒரே வண்டி மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தால் அந்தப் பெயர் என்னத்துக்கு ஆகும்?

முதல் தடவை கம்ப்ரசரின் பேரிங் தேய்ந்து அலறியது. புது கம்ப்ரசர் போட்டார். இரண்டாவது தடவை, அதற்குப் போகும் ஒயரின் சாக்கெட் கழன்று கிடந்தது. செருகி அனுப்பினார். இப்போது மறுபடியும் அனல் காற்று.

சொந்தக்காரன் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனான். யாரிடமோ இவர் பெயரைச் சொல்லிச் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். கேஸ் குறையவில்லை. சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசரின் கிளட்ச் மட்டும் அசைவேனா என்றது. பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்.

டக்கென்று பிடித்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் ஜில்லிட்டது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்ப்ரசர் தங்கம். கரண்ட்தான் வந்து சேரவில்லை.

ஒயரைத் தடவிக்கொண்டே போனார். கறுப்பு உறைக்குள் ஓரிடத்தில் விரல் நின்றது. ஒயர் இரண்டு துண்டாக இருந்தது. எலி கடித்தால் பிசிறடிக்கும். இது கத்தரித்தது. கத்தரித்த இடம் தெரியாமல் உறையை இழுத்துவிட்டும் இருந்தார்கள்.

காசு கொடுக்காமல் தப்பிக்கச் சொந்தக்காரனே வெட்டியிருக்கிறான். மாட்டினான். எல்லார் முன்னாலும் இழுத்து வந்து காட்டி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும். அவர் நிமிர்ந்தார்.

காரிலிருந்து இறங்கி, பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள் அவன் மனைவி. கண் வாசலிலேயே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"போன தடவை கழட்டித்தாண்ணே விட்டேன். நீங்க மாட்டிட்டீங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கண்ணாடி எறங்கியிருந்தா கை நீட்ட மாட்டாருண்ணே. ரோட்டுல பாப்பாங்கல்ல."

போன தடவை ஒயரைச் செருகியதும், கண்ணாடிகளை ஏற்றிக் காட்டி, 'இனிமே ஜம்முன்னு போங்கம்மா' என்று அவளிடம் பெருமையடித்தது இவர்தான். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் காருக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்ததும் ஒயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று சிரிப்பவனை நினைத்தும், தன் கைவேலையை நினைத்தும் ஒரே அருவருப்பாக இருந்தது.

சொந்தக்காரன் திரும்பி வந்தான். "என்னய்யா, என்ன கதை விடப்போற?"

அவர் உறையை இழுத்து ஒயரை மூடினார்.

"நான் போட்ட கம்ப்ரசர்தான் சார் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான். வேற வர்றதுக்கு மாசக்கணக்காகும். வேற யாரையும் தொட விடாதீங்க, இஞ்சினே போயிடும். அதுவரைக்கும் கண்ணாடியை எறக்கிவிட்டே ஓட்டுங்க."

எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கத்தான் சொன்னார்.

சொந்தக்காரனுக்கு வாயெல்லாம் பல். காத்திருந்தவர்களைப் பார்த்து, 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பதுபோல் கையை விரித்தான். போகும்போது இன்னொரு தடவை துப்பினான்.

கண்ணாடிகள் எல்லாம் இறங்கிய கார் தெருமுனையில் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து தன் வண்டிச் சாவியைக் கேட்டார். அவர் பின்னாலேயே இன்னொருவரும் வந்து நின்றார்.

கூலிங் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, சாவிகளை எடுத்துக் கொடுத்தார்.