பதினாலு சிவப்புப் பொட்டு

“யோவ்! ஆளுக்கு அஞ்சு பொட்டுதான்னு சொன்னாங்கல்ல? நீ என்ன அட்டை அட்டையா ஒட்டிட்டிருக்கே?”

ஹேமநாதன் போட்ட சத்தத்தில் கொரட்டூர் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

புதிதாக வரப்போகும் சைக்கிள் பாதைக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஏரிக்கரைச் சாலையின் வரைபடத்தைப் பெரிதாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஏரிப் பக்கமாக ஒரு நீலக் கோடு. அதுதான் பாதை. பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும்.

நீலக் கோடு நெடுகப் பதினாலு சிவப்புப் பொட்டுகள். ஒட்டியவர் சைக்கிள் பஞ்சர் கடை செங்கல்வராயன். கையில் இன்னும் மிச்சம் இருந்தது.

ஹேமநாதனுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா பின்னே? அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். இந்தப் பாதைக்காக இரண்டு வருஷமாக மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பவர். இன்று மட்டும் காரில் வந்திருந்தார். வெயில்.

கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரியிடம் திரும்பினார். “மேடம், இந்த ஆள் ஒட்டினதைக் கணக்குல எடுக்காதீங்க. பாதை நல்லா வந்துட்டா பஞ்சர் ஆகாது, கடையில ஈ ஓட்டணும்னு பயம். சுத்த சுயநலம்!”

சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

“இவங்களாலதான் சார் இந்த ஏரியா உருப்படவே மாட்டேங்குது” என்றாள் சங்கத்துப் பொருளாளர் ரேகா.

செங்கல்வராயன் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

“இன்னா சிரிப்பு? இங்க கீறவங்கள்ல தெனமும் சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க யாரு? கையத் தூக்கு பாக்கலாம்.”

ஒரு கையும் எழவில்லை.

“எஸ்டேட்டு கம்பெனிங்களுக்கு மிதிச்சிகினு போறவங்க அத்தினி பேரும் இப்ப ஷிஃப்ட்ல கீறாங்க. செவ்வாக்கெழம பதினோரு மணிக்குக் கூட்டத்த வெச்சிகினு, மக்கள் கருத்தாம்! அவங்க பொட்ட யாரு ஒட்டுவா? உங்க காரா?”

“அதுக்காக? அவங்க பேரைச் சொல்லி நீ கள்ள ஓட்டு போடுவியா?” ஹேமநாதன் அட்டையைப் பிடுங்கினார்.

திட்ட அதிகாரி கிருஷ்ணப்பிரியா குறுக்கே வந்தார். சின்ன வயதுதான். ஆனால் குரல் கறாராக இருந்தது.

“சார், அவரைப் பேச விடுங்க. ஐயா, ஏன் இத்தனை சிவப்பு?”

செங்கல்வராயன் கிரீஸ் படிந்த விரலை முதல் பொட்டின் மேல் வைத்தார்.

“இங்க பூங்காவனம் வுழுந்துச்சு. தையல் கம்பெனிக்குப் போற பொண்ணு. மழத் தண்ணியில பள்ளம் தெரியல. மணிக்கட்டு ஒடஞ்சி மூணு மாசம் மிஷின்ல ஒக்கார முடியல. இங்க லோகேஷு. தண்ணி லாரிக்காரன் ரிவர்ஸ்ல வந்து கால் மேல ஏத்திட்டான். இங்க இருதயராஜு. கால்வா மூடி ஒடஞ்சி கெடக்குது, வீலு உள்ள பூட்ச்சி...”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வுழுந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அவன் சைக்கிள் எங்க போவும்? எங்கிட்டதாம்மா வரும். வளஞ்ச வீல கோட்டம் எடுத்து நிமித்துறவன் நான். எங்க வுழுந்தேன்னு கேக்காம ஒரு வண்டியையும் எறக்கி வெச்சதில்ல. பதினாலு பேரு! அத்தினி பேரும் நீ போட்ட நீலக் கோட்டுலதான் வுழுந்தாங்க. அங்கயே பாதையப் போட்டு, வாங்க வுழுங்கன்னு கூப்புடுறியா?”

கிருஷ்ணப்பிரியா அந்த இடங்களைக் குறித்துக்கொண்டார்.

“அப்போ வேற எங்க போடலாம்? நீங்களே சொல்லுங்க.”

செங்கல்வராயனின் சட்டைப் பையில் அவருக்குக் கொடுத்த பச்சை அட்டை இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு பொட்டை உரித்து, சாலையின் எதிர்ப்பக்கத்தில், இடம் பார்த்து அழுத்தி ஒட்டினார்.

“இந்தப் பக்கம் போடு. மேடு. தண்ணி நிக்காது. லைட்டு கீது. லாரி வராது.”

ஹேமநாதன் விடவில்லை. “சாயம் வெளுத்துப் போச்சு பாருங்க மேடம்! அது இவர் கடை இருக்கிற பக்கம். ஊர்ல இருக்கிற சைக்கிளெல்லாம் இவர் வாசலுக்கு வந்து சேரணுமாம். என்ன ஒரு வியாபார மூளை!”

மறுபடி சிரிப்பு. இந்த முறை ரேகா கையைத் தட்டியே சிரித்தாள்.

கிருஷ்ணப்பிரியா சிரிக்கவில்லை. வரைபடத்தையே பார்த்தார்.

“ஐயா, நாங்களும் முதல்ல இந்தப் பக்கம்தான் யோசிச்சோம். ஆனா ஒரு இடத்துல ரோடு ரொம்பக் குறுகுது. அங்க ஒரு கடையை முழுசா எடுத்தாத்தான் பாதை போகும். பட்டா இடம் வேற. கடைக்காரர் எங்கே ஒத்துக்கப் போறார்னுதான் ஏரிப் பக்கம் மாத்திட்டோம்.”

“அவனப் போயி கேட்டியா?”

“இல்லீங்க.”

“அவன் ஒத்துக்கினான்மா. பச்சப் பொட்ட யாரு கட மேல ஒட்டிக்கீறேன்னு நல்லாப் பாரு.”