பச்சைக்கு அடியில்

புல்டோசரின் பச்சைப் பெயிண்டைப் பொன்னம்மாள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மேட்டில் கடப்பாரையோடு நின்ற செல்லமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இது மூன்றாவது நாள். மண்கூடையை இறக்கியதும் அவள் கால் நேரே அங்கேதான் போகிறது. பக்கத்தில் காக்கிக் கால்சட்டையோடு டிரைவர் சென்றாயன். கையை விரித்து விரித்து என்னவோ சொல்கிறான். இவள் வாய் பார்த்து நிற்கிறாள்.

கட்டிய புருஷனிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட மிசின் அது. மலைமேல் இருக்கும் சோளக்காட்டு ஊருக்கு ரோடு வெட்டக் கண்டிராக்டர் வாங்கி வந்திருந்தார். அதுவரை பாறையைப் பெயர்க்கச் செல்லமுத்துவை விட்டால் ஆள் கிடையாது. இப்போது பத்துப் பேர் பத்து நாள் வெட்டும் மண்ணைச் சென்றாயன் பீடி குடித்துக்கொண்டே மத்தியானத்துக்குள் தள்ளிவிடுகிறான்.

அது போகட்டும். பெண்டாட்டியுமா?

கடப்பாரையைக் கீழே வைக்காமலே செல்லமுத்து இறங்கி வந்தான்.

பச்சை உரிந்த இடத்தில் மணல் நிறம் தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி பொன்னம்மாள் கேட்டாள்.

"அந்த மணல் காட்டுல குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா?"

"அளந்துதான் ஊத்துவாங்க, அம்மணி."

அப்போதுதான் புருஷனைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சென்றாயன் கடப்பாரையைப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. இந்த மிசின் மொதல்ல பாலைவனத்துல ஓடுனது. பர்மாக் காட்டுக்குன்னு அப்பறந்தான் மேல பச்சை அடிச்சாங்க. நானும் அந்த மணல்ல கெடந்தவன். இந்த மலையில குண்டூர் நாட்டுலருந்து பட்டாளத்துக்கு வந்த ஒருத்தர அங்க பாத்தீங்களான்னு அம்மணி தெனமும் கேக்குது. போனவரு திரும்பலையாம். மாதன்னு பேராம். உங்களுக்குச் சொந்தமுங்களா?"

செல்லமுத்துவின் பிடி தளர்ந்தது. இவன் இல்லை. இவன் இல்லவே இல்லை. ஒரு கணம் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

பலாமரத்தில் கட்டியிருந்த தூளியில் குழந்தை வீரிட்டது.

"அழுவாத மாதன் கண்ணு, வாரேன்" என்று பொன்னம்மாள் ஓடினாள்.

தன் தாயைப் பெற்ற அப்புச்சியின் பேர் என்று சொல்லி அவள் வைத்த பேர் அது.

இந்த ஒன்றரை வருடத்தில் அந்தப் பேரை அவளைவிட அதிகம் கூப்பிட்டவன் செல்லமுத்து. பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மலையே கேட்கும்படி.