ஒரே பாட்டு, ரெண்டு கேசட்

"உன் ஆளு வயலின் வாசிக்கல மச்சான், பலகை அறுக்கறான்!"

"உன் ஆளு மட்டும் இன்னாவாம்? பியானோக்காரன் பாட்டுக்கு இடிச்சிக்கினே போறான், இவன் அவன் பின்னாலயே ஓடிக்கினு கீறான்!"

அடுப்படியில் வசந்தா பல்லைக் கடித்தாள். ஊரே டி.வி. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவில்பதாகையில் இந்த ஒரு வீட்டில்தான் இந்தக் கூத்து. அவள் கணவன் மனோகரனும், அவனோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருக்கும் உலகநாதனும் வாரம் தவறாமல் இப்படித்தான் மல்லுக்கு நிற்பார்கள்.

எல்லாம் கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் செய்த வேலை. ஷிப்ட் முடிந்ததும் இருவரையும் உட்கார வைத்து, வயலினும் பியானோவும் கேட்கப் பழக்கிவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு கேசட் கொடுத்தார். இரண்டிலும் வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் ஒரே சொனாட்டா. வாசித்தவர்கள்தான் வேறு வேறு. அன்றைக்குப் பிடித்தது சனி.

உலகநாதன் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. அதனால் அவன் கேசட்டும் இங்கேதான் குடியிருந்தது.

"ஒரே பாட்டுக்கு எதுக்குங்க ரெண்டு கேசட்டு?" என்று வசந்தா கேட்டதுண்டு.

"உனக்கு இன்னா தெரியும்?" என்பான் மனோகரன்.

தெரியாமல்தான் வந்தது வினை. முந்தாநாள் ஆடி வெள்ளியன்று ரேடியோவில் அம்மன் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்யக் கைவசம் வேறு கேசட் இல்லை. அதுதான் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்தாள். மேலே பதிவாகாமலிருக்கக் கேசட் விளிம்பில் உடைத்து வைத்திருந்த ஓட்டையில் செலோடேப்பை ஒட்டி, பட்டனை அழுத்திவிட்டாள். முடித்த பிறகு அட்டையைத் திருப்பினால், உலகநாதன் பெயர்.

அன்று ராத்திரி கணவனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "அந்த ரெண்டுல ஒண்ணு அழிஞ்சி போனா, இன்னொண்ணை வெச்சி சமாளிக்க முடியாதா?"

"வாயைக் கழுவு! அது எங்கியும் கெடைக்காதுடி. உலகநாதன் அதுமேல உயிரையே வெச்சிக்கினு கீறான்."

அதோடு வாயை மூடிக்கொண்டவள்தான்.

"இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடலாம்," என்று கூடத்திலிருந்து மனோகரன் குரல் கொடுத்தான். "வசந்தா, இங்க வா. நாங்க கண்ணை மூடிக்கறோம். நீ ரெண்டையும் ஒண்ணொண்ணாப் போடு. எது யாருதுன்னு சொல்லாத. காதாலயே கண்டுபுடிக்கறோம்."

வசந்தா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அடுப்புல கொழம்பு கீதுங்க. தண்ணி லாரி வேற வர்ற நேரம்..."

"வரட்டும். நீ போடு."

இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வசந்தா மனோகரனின் கேசட்டைப் போட்டாள். வயலின் இழைந்தது, பியானோ சேர்ந்துகொண்டது. நடுவில் கச்சேரிக்கு வந்த யாரோ ஒருவர் லொக்கென்று இருமினார். இத்தனை நாளில் இன்றுதான் அது அவள் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரம் ஓடியதும் நிறுத்தினாள். கேசட்டை வெளியே எடுத்தாள். கேட்கிற மாதிரி டொக்கென்று மேஜையில் வைத்தாள். அதையே திரும்ப எடுத்து உள்ளே போட்டு, முதலுக்குச் சுற்றி ஓடவிட்டாள். மாங்காட்டம்மா, உன் பாட்டுக்காகத்தானே இந்த வம்பில் மாட்டினேன், நீதான் காப்பாத்தணும்!

அதே வயலின். அதே பியானோ. அதே இடத்தில் அதே லொக்.

தொலைந்தோம் என்று நினைத்தாள்.

பாட்டு நின்றது. இருவரும் கண்ணைத் திறந்தார்கள்.

"ரெண்டாவதுதான் என்னுது!" என்று துள்ளினான் உலகநாதன். "வயலின் இன்னாமா கொஞ்சுது பாத்தியா?"

"கொஞ்சுதா? மூக்கால அழுவுது! மொதல்ல போட்டது என் ஆளு. அது வாசிப்பு. உன் ஆளுக்கு பியானோ கூட ஒத்தே போவலியே!"

வசந்தாவுக்கு முதலில் போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே ஆத்திரம் வந்தது. அட மண்டூகங்களா! ஒரே கேசட்டுக்கா இந்தக் குதி குதிக்கிறீர்கள்? தனக்கே கேட்ட இருமல் இந்த மேதாவிகள் காதில் விழவில்லையா? எல்லாம் வெறும் ஜம்பம். இதுகளுக்கா வாராவாரம் காபி ஆற்றிக் கொடுத்தாள்? இதுகளுக்கா பயந்து செத்தாள்?

கத்தி ஓய்ந்து உலகநாதன் கிளம்பினான். வாசலில் குடத்தோடு நின்றவளிடம், செருப்பை மாட்டியபடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தங்கச்சி, என் கேசட்டு அழிஞ்சி போச்சா?"

வசந்தா குடத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே... ரெண்டும் ஒண்ணுதானேன்னு... அம்மன் பாட்டு பதியறப்போ..."

"பாட்டு நல்லா பதிஞ்சுதா?"

கண்ணைத் துடைத்தபடி தலையாட்டினாள்.

"அப்ப உடு. மனோகரன்கிட்ட மட்டும் மூச்சு உடாத. கோவக்காரன், உன்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவான். அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி சண்ட போட்டேன்."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மடமடவென்று தெருவில் இறங்கி நடந்தான். மண்டூகம் என்று திட்டியது நினைவுக்கு வந்து, வசந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே வந்தாள். மனோகரன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு ரகசியமாகக் கேட்டான்.

"போய்ட்டானா? அவனுக்கு ஒண்ணும் சந்தேகம் வரலியே?"

"எ... எதுக்குங்க?"

"ரெண்டு தபாவும் என் கேசட்டையே போட்டுட்டு எதுக்குன்னா கேக்கறே? அவன் முன்னால நீ தலை குனியக்கூடாதேன்னு, என் ஆளையே நான் வாய்க்கு வந்தபடி திட்டித் தொலைச்சேன்டி!"