முன்னாடி பார்த்துச் சொல்லுங்க

“என் மூஞ்சியில என்ன படமா ஓடுது? முன்னாடி பார்த்து ஓட்டுங்க!”

மணல் மைதானத்தின் நடுவில் நின்று அவள் போட்ட சத்தத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

குதிரை மேல் இருந்தவர் அவள் புருஷன். வீட்டில் எப்படியோ, லாயத்தில் அவள் பயிற்சியாளர், அவர் சவாரிக்காரர். இங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

“மறுபடியும் தப்பான கால்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

குதிரைக்குப் பெயர் சிலுப்பி. சின்ன வயசு. எப்போது பார்த்தாலும் தலையைச் சிலுப்பும். நடை வந்துவிட்டது, ஓட்டமும் வந்துவிட்டது. அடுத்தது கேன்டர், அதாவது தாவித் தாவிப் போகிற ஓட்டம். அங்கேதான் வம்பு. வட்டமாகச் சுற்றும்போது உள்பக்கத்து முன்னங்கால் முந்த வேண்டும். சிலுப்பிக்கோ வெளிப்பக்கத்துக் கால்தான் முந்தியது. வளைவில் அப்படி ஓடினால் ஒருநாள் சவாரிக்காரரோடு சேர்ந்து குப்புற விழ வேண்டியதுதான்.

குதிரை மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தப்பெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த மனுஷன் மேல்தான்.

கேன்டருக்கு விடும் முன்னால் சவாரிக்காரர் “விடறேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் உடனே கால்களைக் கவனிப்பாள். ஊரில் இருக்கிற சவாரிக்காரர்கள் எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். இவர் மட்டும் கழுத்தைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். கழுத்து திரும்பினால் தோள் சாயும். தோள் சாய்ந்தால் பாரமெல்லாம் உள்பக்கத்துக் காலில் இறங்கும். அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு அந்தக் கால் எப்படி முந்தும், பாவம்?

“சாயங்காலம் முதலாளி வர்றார். இன்னைக்கும் இப்படியே ஓடினா இவளைச் சாட்டைக்காரன்கிட்ட அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்கார். ஞாபகம் இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

சாட்டைக்காரன் பக்கத்து லாயத்துப் பயிற்சியாளன். அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. சிலுப்பியோ கதவைப் பலமாகச் சாத்தினாலே நடுங்குகிற ஜீவன்.

“அப்புறம் ஏன் என்னையே பார்க்கறீங்க? கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பார்த்ததில்லை!”

அவர் சிரித்தார். “அழகா இருக்கே, பார்க்கறேன்.”

“ஐயே, இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்! எனக்கென்ன காது இல்லையா? முன்னாடி பார்த்துச் சொன்னாலும் கேக்கும்!”

சொன்னாளே தவிர, பச்சைப் பொய். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவள் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. எதிரில் நின்று பேசினால் வாயசைவை வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் ஒன்றும் விளங்காது. இதை யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை, கட்டிய புருஷனிடம்கூட. காது கேட்காத பயிற்சியாளரை மைதானத்தில் யார் நிற்க விடுவார்கள்? விஷயம் தெரிந்தால் ‘போதும், வீட்டோட இரு’ என்று முதலில் சொல்லப்போவது இவராகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பயம்.

சாயங்காலம் முதலாளி வந்து அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“பார்க்கலாமாம்மா?”

சிலுப்பி வட்டம் போட்டது. அவள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திரும்பிடாதீங்க என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் திரும்பவில்லை. குதிரை சட்டென்று தாவியது.

பதறிப்போய்க் கீழே பார்த்தாள். உள்பக்கத்துக் கால்! தடுமாற்றம் இல்லை, தயக்கம் இல்லை, என்னமாய்ப் போகிறது!

“பலே!” என்றார் முதலாளி.

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குதிரை நின்றதும் அதனிடம் ஓடினாள். முதலாளியும் பின்னாலேயே வந்தார்.

“எல்லாம் சரிதான். ஆனா விடறேன்னு ஏன் சொல்லலை? சொல்லாம விட்டா நான் எப்படிக் காலைக் கவனிக்கிறது?” என்று புருஷனைக் கேட்டாள்.

முதலாளி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“சொன்னாரேம்மா! எனக்கே நல்லாக் கேட்டுதே. உனக்குக் கேக்கலை?”

அவளுக்கு உயிரே போய்விட்டது. கடிவாளத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

“அது சிலுப்பிகிட்ட சொன்னது சார்,” என்றார் புருஷன், குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டே. “இவகிட்ட சொல்ல மறந்தே போயிட்டேன். தப்பு என்னுது.”

“குதிரைகிட்ட உத்தரவு வாங்கிட்டா விட்டீங்க? நல்ல ஆளுய்யா!” முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, சிலுப்பி இங்கேயே இருக்கட்டும். நீங்களே பார்த்துக்கங்க.”

முதலாளி போன பிறகும் அவள் சிலுப்பியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். முதலாளிக்கே கேட்டிருக்கிறது என்றால் இவர் சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, மறந்துட்டேன் என்கிறார். அப்படியானால் இத்தனை நாள் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது? அதற்குத்தான் அவ்வளவு திட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டாரா?

“நாளையிலேருந்து வாயால சொல்ல வேண்டாம். கையைத் தூக்குங்க, போதும்.”

அவர் தலையை ஆட்டினார்.

“எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?”

சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு, அவள் பக்கம் முழுசாகத் திரும்பி, நிதானமாகச் சொன்னார்:

“நான் பேசறப்ப என் கண்ணைப் பார்க்கறதை விட்டுட்டு உதட்டைப் பார்க்க ஆரம்பிச்சியே, அன்னைக்கே.”