கிளட்ச் நல்லாத்தான் கீது

“பதினெட்டாயிரத்து நானூறா? பணத்த எடுக்காத தம்பி. இவன் அசல் திருடன்.”

குரல் வந்த பக்கம் ஆல்வின் திரும்பினான். ஒர்க் ஷாப் வாசலில் எழுபது வயசுப் பெரியவர் ஒருவர், தோளில் துண்டும் கையில் டீ கிளாசுமாக நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் மெக்கானிக் செந்தமிழன் பாதி எரிந்த சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் போட்டுக் காலால் தேய்த்தான்.

ஆல்வினுக்கு ஊர் தாமல். உத்திரமேரூரில் இந்த ஒர்க் ஷாப்புக்குள் வண்டியை விட்டது இதுதான் முதல் தடவை. மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப். கிழ மாடு மாதிரி, வேளாவேளைக்குத் தீனி வைத்தால்தான் நடக்கும்.

சாயங்காலம் மானாம்பதியில் கத்திரிக்காய் லோடு ஏற்றிக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். தோட்டக்காரம்மா பரிமளா காலையிலிருந்து இரண்டு தடவை போன் போட்டாயிற்று. “இன்னாப்பா, வருவியா மாட்டியா? வேற வண்டிக்கி சொல்லிட்டன்னா அப்புறம் அவங்கதான் வாராவாரம் வருவாங்க, என்னாண்ட வந்து நிக்கக் கூடாது.” ஆல்வின் சட்டைப் பையில் இருந்தது ஒன்பதாயிரம்.

ஆயிலும் பில்டரும் மாற்ற வந்தவனிடம், கூடவே கிளட்ச், கூடவே பிரேக் பேட், கூடவே இன்ஜெக்டர் என்று செந்தமிழன் எழுதித் தள்ளிவிட்டான். வண்டி இரண்டு நாள் நிற்க வேண்டுமாம். மெக்கானிக் “கூடவே” என்று வாயைத் திறந்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எவன் பிடிக்கிறான்?

“கிளட்ச் போச்சின்னு எவன் சொன்னது?” என்றார் பெரியவர்.

“நான்தான் சொன்னேன்” என்றான் செந்தமிழன், அவர் முகத்தைப் பார்க்காமல். மேசை மேலிருந்த கருகிய கிளட்ச் தட்டு ஒன்றை எடுத்து ஆல்வினிடம் நீட்டினான். “உள்ள கயட்டினா உங்களுதும் இப்டித்தான் இருக்கும். பாருங்க.”

“அத்த வைடா கீய. வர்றவனுக்கெல்லாம் அந்த ஒரே தட்டத்தான் காட்டிக்கினு கீற. அது போன தீவாளிக்கி செத்துப்போன வண்டியோடது.”

செந்தமிழன் காதில் விழாதவன் போல ஸ்பேனரைத் துடைத்தான். பெரியவர் ஆல்வின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, வண்டியில ஏறு. ஹேண்ட் பிரேக்கப் போடு. ஸ்டார்ட் பண்ணி நாலாவது கியர்ல வச்சி, கிளட்ச்ச மெதுவா வுடு. இஞ்சின் நிக்காம ஓடினா கிளட்ச் போச்சு. நின்னுச்சின்னா இவன் புளுவுறான்.”

ஆல்வின் அப்படியே செய்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டென்று நின்றது.

“பாத்தியா. கிளட்ச் நல்லாத்தான் கீது. பெடல அட்ஜஸ்ட் பண்ணா போதும், இருநூறு ரூபா.”

பெரியவர் செந்தமிழன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். பில்லை வாங்கி, கிளட்ச்சுக்குப் போட்டிருந்த எட்டாயிரத்து ஐந்நூறை ஒரே கோடாக அடித்தார்.

“கரும்புகையே வரல, இன்ஜெக்டருக்கு எதுக்குடா ரெண்டாயிரத்து எண்ணூறு? ஆயிலு எட்டு லிட்டரா? இந்த இஞ்சின் ஆறரைக்கு மேல குடிக்காது. மீதிய நீ குடிப்பியா?” இன்ஜெக்டர் வரியும் போனது. ஆயில், பில்டர் கணக்கு ஐயாயிரத்து இருநூறிலிருந்து நாலாயிரத்து நானூறுக்கு இறங்கியது.

ஆல்வினுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “பிரேக் பேடையும் அடிச்சிடுங்க பெரியவரே.”

பெரியவர் முன் சக்கரத்தருகே குந்தி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. “காயிதமாட்டம் தேஞ்சிகீது. பிரேக்குல கஞ்சத்தனம் பண்ணா லோடு கோயம்பேடு போவாது, நீதான் போவ, மேல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்த எண்ணி வை.”

மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு. செந்தமிழன் பில்லைப் பார்த்து முனகினான். “இப்டி வெட்டிக்கினே இருந்தா கடைய மூடிட்டு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்.”

“மூடமாட்ட. இன்னிக்கி இவனாண்ட புடுங்கினா நாளைக்கி வருவானா? மூணு லட்சம் ஓடின வண்டிடா இது, மாசாமாசம் வந்து நிக்கும். கறக்குற மாட்டப் போயி எவனாவது கறிக்குப் போடுவானா?”

செந்தமிழன் வண்டிக்கு அடியில் புகுந்தான். வேலை முடியும்வரை பெரியவர் நகரவில்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஆயில் ஊற்றும்போது அளவைப் பார்த்தார், புது பில்டரை டப்பாவிலிருந்து தானே பிரித்துக் கொடுத்தார். இரண்டு போல்ட்டை மறுபடியும் முடுக்கச் சொன்னார்.

நாலு மணிக்கு வண்டி வெளியே வந்தது. ஆல்வின் பிரேக்கை அழுத்திப் பார்த்தான். மிதித்த இடத்தில் நின்றது. பணத்தைக் கொடுத்த பிறகும் டீசலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம். பரிமளாவுக்குப் போன் போட்டு, “கிளம்பிட்டேன்க்கா, மூட்டைய கட்டி வைங்க” என்றான்.

பிறகு ஓடிப்போய்ப் பெரியவருக்கு இன்னொரு டீ வாங்கி வந்து கொடுத்தான்.

“அடுத்த சர்வீசும் இங்கதான் பெரியவரே. ஆனா நீங்க கூட இருக்கணும்.”

“நான் எங்க போவப் போறேன்? தெனம் இங்கதான் கீறேன்.”

செந்தமிழன் கை கழுவப் போயிருந்தான். ஆல்வின் குரலைத் தாழ்த்தினான். “இவ்ளோ வெவரம் தெரிஞ்ச நீங்க இந்த ஆளாண்டயே வரீங்களே, உங்கள எவ்ளோ ஏமாத்தினான்?”

பெரியவர் டீயை ஊதி ஒரு மடக்குக் குடித்தார்.

“என்ன எப்டிப்பா ஏமாத்துவான்? இந்த வித்தையெல்லாம் எம்புள்ளைக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்.”