வீட்டோடு வந்தவர்களின் தீர்மானம்

காட்டில் தொற்றுக்காய்ச்சல் பரவியதால், எல்லோரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அதை நீட்டிப்பதா, தளர்த்துவதா என்று முடிவெடுக்கப் புங்கமரத்தடியில் கூட்டம் கூடியது. வெளியே வரத் தடை இருந்ததால், வந்து சேர்ந்தவர்கள் ஆமையும் நத்தையும் மட்டுமே. மரப்பொந்திலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் இறங்க விடுங்கண்ணே. பொந்துல ஒரு கொட்டைகூட இல்ல."

"வீட்டில் இருப்பதில் அப்படி என்னம்மா கஷ்டம்? நானும்தான் இருக்கிறேன்," என்றது ஆமை. "இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கலாம்."

"வழிமொழிகிறேன்," என்றது நத்தை, இலையை மென்றபடி.

"நீங்க வெளியிலதானே நிக்கிறீங்க?"

"நன்றாகப் பார்," என்றது ஆமை. "தலையையும் காலையும்தான் வெளியே நீட்டியிருக்கிறேன். ஆள் வீட்டுக்குள்தான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அணிலுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, தரையில் கால் படாமல், ஆமையின் ஓட்டில் குதித்தது.

"நாங்களும் உங்க வீட்டு மாடியிலயே அடங்கி இருந்துக்கிறோம். வீட்டைக் கொஞ்சம் நாவல்மரத்துப் பக்கம் நகர்த்துங்கண்ணே."

இதில் எந்த விதி மீறப்பட்டது என்று யோசித்தபடியே ஆமை நடந்தது. பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, நத்தையைப் பார்த்துக் கத்தியது:

"இந்தத் தளர்த்துகிற விஷயத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாமா?"